மெட்ரோ போன்ற பெருந்திட்டங்களுக்குத் தொழிலாளர் திறனைத் திட்டமிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பெரிய அரசுக் கட்டுமானத் திட்டம் ஒன்றில் 'திறன் மேம்பாடு' என்ற பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் திட்டத்தை நடத்தும் அரசு நிறுவனத்தில் இருந்தாலும், ஒப்பந்த நிறுவனத்தில் இருந்தாலும் படிகள் ஒன்றேதான். புதியவர்கள் பெரும்பாலும் வகுப்பறை, பாடத்திட்டம், சான்றிதழ் என்று தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் கட்டுமானக் கால அட்டவணை. எந்த மாதம் எந்த வேலை, அதற்கு யார் வேண்டும் என்று தெரியாமல் நடத்தும் பயிற்சியால், வேலை இல்லாத மாதத்தில் ஆள் காத்திருப்பார். வேலை குவியும் மாதத்தில் ஆள் இருக்கமாட்டார்.

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மூன்று வழித்தடங்கள், 118.9 கிலோமீட்டர்; 63,246 கோடி ரூபாய் மதிப்பில் 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சுரங்கமும் உயர்த்தப்பட்ட பாதையும் கலந்து வருவதால், கட்டுமானத் தொழில்கள் ஏறக்குறைய அனைத்தும் இதில் உண்டு. கணக்கைக் காட்டுவதற்காக நான் போடும் எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே. உங்கள் தளத்தின் எண்ணை அங்கே வைத்துக் கணக்கிடுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கட்டுமானக் கால அட்டவணை, அளவுப் பட்டியல், ஒவ்வொரு வேலையின் செய்முறைக் குறிப்பு, இயந்திரப் பட்டியல் ஆகிய நான்கும் முதலில் வேண்டும். அட்டவணை 'எப்போது' என்பதைச் சொல்லும்; அளவுப் பட்டியல் 'எவ்வளவு' என்பதைச் சொல்லும். செய்முறைக் குறிப்பு இல்லாவிட்டால் 'எந்தத் திறன்' என்பது தெரியாது. ஒரே நிலையத்தை மேலிருந்து கீழாகவும் கட்டலாம், கீழிருந்து மேலாகவும் கட்டலாம். இரண்டுக்கும் ஆள் வரிசை வேறு.

ஐந்தாவதாக, பழைய தளம் ஒன்றின் வருகைப் பதிவேடு. குறைந்தது ஓராண்டுக்கானதாக இருக்கட்டும். ஆள் எந்த மாதத்தில் குறைகிறது என்பதை அதைவிட நேர்மையாகச் சொல்லும் ஆவணம் வேறில்லை.

கடைசியாக, அட்டவணை மாறும்போது உங்களுக்குத் தகவல் தரும் திட்டமிடல் பொறியாளர் ஒருவர். இந்தத் தொடர்பு இல்லாவிட்டால், மூன்று மாதத்தில் உங்கள் பயிற்சித் திட்டம் பழைய காகிதமாகிவிடும்.

1. தொழிலின் பெயரை வேலை அளவுக்கு உடைத்து எழுதுங்கள்

'வெல்டர் 40, ஃபிட்டர் 60, எலக்ட்ரீஷியன் 30' என்ற பட்டியல் பார்க்க முழுமையாகத் தெரியும். தளத்தில் அது உதவாது. கம்பிக் கூட்டுக்குப் பற்றவைப்பவரும், சுரங்க நிலையத்தில் பக்கச் சுவர்களைத் தாங்கும் எஃகு உத்திரங்களுக்குப் பற்றவைப்பவரும் ஒரே பெயருடையவர்கள். ஆனால் தேர்வு வேறு, பொறுப்பு வேறு. உத்திரத்தில் பற்றவைப்பு பிழையானால் குழிக்குள் நிற்பவர்களின் உயிர் போகும்.

ஆகவே வேலையிலிருந்து தொடங்குங்கள். சுரங்க நிலையம் என்றால் வரிசை இப்படிப் போகும்: நிலத்தடிக் குழாய்களையும் கேபிள்களையும் இடம் மாற்றுதல், வழிகாட்டிச் சுவர், பெண்டோனைட் (மண் சரியாமல் தாங்கும் களிமண்) கலவையை நிரப்பித் தோண்டும் டயாஃப்ரம் சுவர் (நிலையக் குழியைச் சுற்றி நிலத்துக்குள் எழுப்பும் கான்கிரீட் சுவர்), கம்பிக் கூட்டை இறக்குதல், கான்கிரீட், பிறகு குழி தோண்டி உத்திரம் பொருத்துதல், அடித்தளம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே யார் வேண்டும் என்று எழுதுங்கள். டயாஃப்ரம் சுவர் என்ற ஒற்றை வரிக்கே ரிக் (தோண்டும் இயந்திரம்) ஓட்டுநர், பெண்டோனைட் ஆலை ஆள், கம்பி கட்டுபவர், பற்றவைப்பவர், கிரேன் ஓட்டுநர், சிக்னல் காட்டுபவர், கான்கிரீட் குழாய்க் குழு என ஏழு வகையினர் வருவார்கள்.

சுரங்கம் தோண்டும் இயந்திரத்துக்கும் அப்படியே. இயந்திரத்தை ஓட்டுபவரை மட்டும் எண்ணுவது வழக்கமான பிழை. ரிங் (சுரங்கத்தின் உட்சுவராகும் கான்கிரீட் வளையம்) கட்டும் குழு, கிரவுட் (வளையத்துக்கும் மண்ணுக்கும் இடையே நிரப்பும் கலவை) கலப்பவர், மண் ஏற்றிய பெட்டிகளை இழுக்கும் லோகோ ஓட்டுநர், ஹைட்ராலிக் மெக்கானிக், சர்வேயர் ஆகியோரில் ஒருவர் குறைந்தாலும் இயந்திரம் நின்றுவிடும்.

2. அளவை ஆள்களாக மாற்றுங்கள்

ஒரு நிலையத்தில் உச்சக் காலத்தில் மாதம் 600 டன் கம்பி கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தளப் பதிவின்படி ஒருவர் நாளுக்கு 200 கிலோ கட்டுகிறார். மாதம் 25 நாள் வேலை. ஒருவருக்கு மாதம் 5 டன். ஆகவே தளத்தில் நிற்க வேண்டியவர்கள் 120 பேர்.

இங்கே நின்றுவிடாதீர்கள். வருகை 80 விழுக்காடு என்றால் பட்டியலில் 150 பேர் இருந்தால்தான் 120 பேர் வருவார்கள். சுரங்க வேலைக்கு இன்னொரு கணக்கும் உண்டு: இரண்டு ஷிஃப்ட் ஓடினால் மூன்று குழு வேண்டும். மூன்றாவது குழு இல்லாத தளத்தில் ஓய்வு நாள் காகிதத்தில் மட்டுமே இருக்கும். களைத்த ஆளின் கையில்தான் விபத்து நேர்கிறது.

ஆண்டுச் சராசரியை எடுத்துக் கணக்கிடுவது இந்தப் படியில் மிகவும் பரவலான தவறு. சராசரியில் 70 பேர் போதும் என்று வரும். உச்ச மாதத்தில் 150 பேர் தேவைப்படுவார்கள். மாதவாரியாக எழுதுங்கள். ஒவ்வொரு தொழிலும் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

3. கிடைக்கும் ஆள்களைக் குழுவாக எண்ணுங்கள்

சென்னைக் கட்டுமானத் தளங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலிருந்து வருபவர்கள். அவர்கள் தனித்தனியாக வருவதில்லை. ஒரு மேஸ்திரியின் கீழ், ஒரே ஊர்க்காரர்களாக, குழுவாக வருகிறார்கள். போவதும் குழுவாகவே. ஆகவே 'கம்பி கட்டுபவர் 90' என்று எழுதுவதைவிட 'ஆறு குழு, குழுவுக்கு 15 பேர்' என்று எழுதுவதே சரியான கணக்கு. ஒரு மேஸ்திரி வேறு தளத்துக்குப் போனால் 15 பேரும் போவார்கள்.

அடுத்து, அதே ஆண்டில் அதே ஆள்களைத் தேடும் மற்றத் திட்டங்களைப் பட்டியலிடுங்கள். இரண்டாம் கட்டத்தின் ஒரு ஒப்பந்தத்துக்கு இன்னொரு ஒப்பந்தமே போட்டி. மாதவரத்தில் 'நீலகிரி' இயந்திரம் 2022 அக்டோபரில் தோண்டத் தொடங்கியது. கலங்கரை விளக்கத்தில் 'ஃபிளமிங்கோ' 2023 செப்டம்பரில். இரண்டும் வெவ்வேறு ஒப்பந்த நிறுவனங்களின் பணி. இப்படி இடைவெளி விட்டுத் தொடங்கும் இயந்திரங்கள் பயிற்சிக்கு நல்வாய்ப்பு: முதல் இயந்திரத்தின் அருகில் நின்று கற்றவர்கள் அடுத்ததை இயக்கலாம். ஆனால் ஒப்பந்தங்களுக்கு இடையே இதை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் திட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. அந்த நிறுவனம் திறன் திட்டத்தை ஒப்பந்தக்காரர்களிடம் முழுவதுமாக விட்டுவிடக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

உள்ளூர் ஆள்களுக்கு அம்பத்தூர், கிண்டி போன்ற அரசு ஐடிஐக்களையும், வழித்தடத்தை ஒட்டிய பகுதிகளையும் பாருங்கள். ஐடிஐயில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படிப்புகள் இரண்டு ஆண்டு, வெல்டர் ஓராண்டு. இன்று சேர்பவர் உங்களுக்கு எந்த ஆண்டில் கிடைப்பார் என்பதை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஐடிஐ முதல்வரைச் சந்திக்கச் செல்லுங்கள்.

4. பற்றாக்குறையை மூன்று வழியாகப் பிரியுங்கள்

நமக்கு 150 பேர் வேண்டும், 90 பேர் இருக்கிறார்கள், குறைவது 60. இந்த அறுபதையும் புதியவர்களைக் கொண்டு நிரப்ப முயலாதீர்கள்.

முதல் வழி, ஏற்கெனவே தளத்தில் இருக்கும் உதவியாள்களை உயர்த்துவது. கம்பி தூக்கிக் கொடுக்கும் ஆள் இரண்டு ஆண்டாக வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு வரைபடம் படிக்கவும் அளவெடுக்கவும் சொல்லித்தந்தால் போதும். முன்னனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் அரசுத் திட்டங்கள் இவருக்கே பொருந்தும்.

சித்தாள்களாக இருக்கும் பெண்களை இந்தப் பட்டியலில் முதலிலேயே சேர்க்கச் சொல்வேன். தமிழ்நாட்டில் ஒரு பெண் இருபது ஆண்டு தளத்தில் உழைத்தும் சித்தாளாகவே நிற்கிறார். பக்கத்தில் நின்ற ஆண் கொத்தனாராகிவிடுகிறார். கம்பி கட்டுதல், பற்றவைப்பு, அளவெடுப்பு, தரச் சோதனை ஆகிய நான்கிலும் அவர்களை உயர்த்த முடியும். பெயரைப் பட்டியலில் எழுதினால் மட்டும் போதாது. கழிப்பறை, உடைமாற்றும் அறை, குழந்தைகள் இருக்க இடம் ஆகியவை பயிற்சி தொடங்கும் முன் தயாராக வேண்டும். 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டமே சொன்னது.

இரண்டாம் வழி, புதியவர்கள். தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி 30 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனம், தன் மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களும் இந்தக் கணக்கில் சேர்வார்கள். 2,000 பேர் உள்ள தளத்தில் குறைந்தது 50, அதிகம் போனால் 300. இந்தக் கடமையைத் தனிக் கோப்பாக வைத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். அதை உங்கள் பற்றாக்குறைப் பட்டியலோடு இணையுங்கள். எப்படியும் எடுக்க வேண்டிய பழகுநர்களை, ஆள் குறையும் தொழிலில் எடுங்கள்.

மூன்றாம் வழி, வெளியிலிருந்து அனுபவசாலிகளை அழைத்து வருவது. இயந்திர ஓட்டுநர், அழுத்தக் காற்றில் இறங்கி வெட்டுக்கருவி மாற்றும் குழு போன்ற, சில மாதங்களில் உருவாக்க முடியாத திறன்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வருபவரின் பணி ஆணையிலேயே 'இரண்டு பேரைப் பழக்க வேண்டும்' என்று எழுதிவிடுங்கள்.

5. தேதியைப் பின்னோக்கிப் போடுங்கள்

கம்பி வேலையின் உச்சம் ஜனவரியில் என்று கொள்வோம். 60 பேர் தேவை. சேர்பவர்களில் முக்கால்வாசிப் பேர் முடித்துத் தங்குவார்கள் என்றால் 80 பேரைச் சேர்க்க வேண்டும். ஒரு பயிற்சி அணிக்கு 20 பேர், ஒரே நேரத்தில் இரண்டு அணி நடத்த இடம் இருக்கிறது. எனவே இரண்டு சுற்று.

பயிற்சியாளரைத் தேடி, பயிற்சித் தளம் அமைக்க எட்டு வாரம். ஆள் சேர்ப்பு, மருத்துவச் சோதனை, ஆவணங்களுக்கு மூன்று வாரம். முதல் சுற்று ஆறு, இரண்டாம் சுற்று ஆறு. அதன்பின் மேற்பார்வையில் பாதி வேகத்தில் வேலை செய்யும் காலம் ஆறு. மொத்தம் 29 வாரம். ஜனவரிக்குப் பின்னோக்கி எண்ணினால் ஜூன் நடுப்பகுதி வருகிறது. நவம்பரில் ஆள் கேட்டுக் கடிதம் எழுதும் தளங்கள் ஏன் தவிக்கின்றன என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

சென்னையில் நாள்காட்டியையும் சேர்த்துப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதே நேரத்தில் தீபாவளி, அதை ஒட்டி பீகார் மக்களின் சத் பூஜை. மார்ச்சில் ஹோலி. அவரவர் மாநிலத்தில் தேர்தல் வந்தால் ஊருக்குப் போவார்கள். புதியவர்களை முதல் சுற்றிலேயே வைத்து, அவர்களின் பயிற்சியை மழை வலுக்கும் முன் முடித்துக்கொள்ளுங்கள். மழையால் குழி வேலை மந்தமாகும் வாரங்களை, ஊருக்குப் போகாத உள்ளூர் ஆள்களின் திறனை உயர்த்தப் பயன்படுத்துங்கள்.

மிக முன்னதாகப் பயிற்சி கொடுப்பதும் தவறுதான். கற்று முடித்து இரண்டு மாதம் வேலையின்றி இருப்பவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். போகவும் வேண்டும், அவருக்கு வீடு இருக்கிறது.

6. பணத்தையும் பொறுப்பையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்

'ஒப்பந்தக்காரர் போதிய பயிற்சி அளிக்க வேண்டும்' என்ற வரியால் யாருக்கும் பயன் இல்லை. குறைந்த விலை கேட்பவருக்கே டெண்டர் போகும் இடத்தில், விலை போடாத எதையும் யாரும் செய்யமாட்டார்கள். அளவுப் பட்டியலில் பயிற்சியைத் தனி உருப்படியாகச் சேருங்கள்: எந்தத் தொழில், எத்தனை பேர், எந்த மாதத்துக்குள்.

பணம் எப்போது விடுவிக்கப்படும் என்பது அதைவிட முக்கியம். சான்றிதழ் எண்ணிக்கைக்குப் பணம் கொடுத்தால் சான்றிதழ்கள் பெருகும். பயிற்சி முடிந்ததும் 40 விழுக்காடு. அந்த ஆள் அதே தொழிலின் கூலியில் 90 நாள் வேலை செய்ததைச் சம்பளப் பட்டியல் காட்டிய பின் மீதி 60 விழுக்காடு. இப்படிப் பிரிப்பதைப் பரிந்துரைக்கிறேன்.

பயிற்சிக் கால நாள்கூலியை மறந்துவிடாதீர்கள். வாரம் ஒருமுறை ஊருக்குப் பணம் அனுப்பும் ஆள், கூலி இல்லாமல் ஆறு வாரம் உட்காரமாட்டார். கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு நலவரியாகக் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்துக்குப் போகிறது. பயிற்சிக்கு வாரியத்திடமிருந்து என்ன பெற முடியும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பயிற்சியில் சேரும் ஒவ்வொருவரையும் முதல் வாரத்திலேயே நலவாரிய உறுப்பினராகப் பதிவு செய்ய உதவுங்கள். 18 முதல் 60 வயது வரை பதியலாம்; 90 நாள் கட்டுமான வேலை செய்த சான்று தேவைப்படும்.

மேஸ்திரியையும் கணக்கில் சேருங்கள். அவர் முன்பணம் கொடுத்து ஆள் கூட்டி வந்திருக்கிறார். பயிற்சி பெற்றவர் தன் குழுவைவிட்டுப் போய்விடுவார் என்று அவர் அஞ்சினால், நல்ல ஆளைப் பயிற்சிக்கு அனுப்பவேமாட்டார். உயர்ந்த ஆள் உள்ள குழுவுக்கு உயர்ந்த விலை என்று துணை ஒப்பந்தத்திலேயே எழுதினால் அவரே ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்புவார். உயரும் கூலி தொழிலாளியின் கைக்கு வந்து சேர்கிறதா என்பதை அவரது வங்கிக் கணக்கில் சரிபாருங்கள்.

7. வகுப்பறைக்கு முன் முற்றத்தை அமையுங்கள்

லண்டனில் 42 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டிய கிராஸ்ரயில் திட்டத்துக்காக இல்ஃபோர்டில் 2011இல் சுரங்கப் பணிக்கென்றே தனிப் பயிற்சிக் கழகம் திறக்கப்பட்டது. அங்கே இயந்திரங்களையும் செயற்கைச் சுரங்கச் சூழலையும் வைத்துக் கற்றுத்தந்தார்கள். உங்களால் அவ்வளவு முடியாமல் போகலாம். ஆனால் ஒரு பயிற்சி முற்றம் கட்டாயம் வேண்டும்.

தளத்தின் ஓரத்தில் கூரை போட்ட இடம். ஒரு தூணின் அடிப்பகுதி, ஒரு டயாஃப்ரம் சுவர்க் கூட்டின் துண்டு, பழுதடைந்த இரண்டு சுரங்க வளையத் துண்டுகள், ஒரு படிக்கட்டின் சட்டம். இவை போதும் தொடங்க. கழிவாகப் போகும் கம்பியைப் பயன்படுத்தலாம். உண்மையான வேலையில் முதன்முறையாகக் கை வைத்துக் கற்பவரின் பிழை கான்கிரீட்டுக்குள் புதைந்துவிடும். முற்றத்தில் அதை வெட்டிவிட்டு மறுபடி கட்டலாம்.

8. யார் கற்றுத்தருவது, எந்த மொழியில்

நல்ல கம்பிக்காரர் எல்லாரும் நல்ல ஆசிரியராக இருப்பதில்லை. தளத்தில் யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். அவரே உங்கள் பயிற்சியாளர். அவருக்குச் சம்பளம் குறையாமல், உற்பத்திக் கணக்கிலிருந்து விடுவித்து, பயிற்சிக்கு மாற்றுங்கள்.

இந்தி, வங்காளம், ஒடியா, தமிழ் ஆகிய நான்கும் ஒரே குழிக்குள் ஒலிக்கும். கையேட்டை ஆங்கிலத்தில் அச்சிட்டுக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது பயிற்சி ஆகாது. படங்களை நம்புங்கள். கிரேன் கைச் சைகைகள் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். 'நிறுத்து', 'விலகு', 'தலைக்கு மேல் சுமை' போன்ற எச்சரிக்கைச் சொற்களை நான்கு மொழியிலும் எல்லாரும் கற்கட்டும். தமிழ் மேற்பார்வையாளர்களுக்குத் தள இந்தியில் நாற்பது ஐம்பது சொற்கள் தெரிந்தாலே வேலை மாறும்.

9. கையைச் சோதியுங்கள்

எழுத்துத் தேர்வைத் தவிருங்கள். கம்பிக்காரருக்கான சோதனை ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வரைபடத் துண்டும் 10 மில்லிமீட்டர் கம்பியும் கொடுத்து, நில அதிர்வு விதிப்படி தூணுக்கு ஒரு ரிங் (நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையம்) வளைக்கச் சொல்லுங்கள். கொக்கி 135 பாகை திரும்பியிருக்க வேண்டும். அதற்கு மேல் நீளும் முனை கம்பி விட்டத்தின் ஆறு மடங்கு, ஆனால் 65 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆகவே இந்தக் கம்பிக்கு 65. டேப் வைத்து அளந்து பாருங்கள். பெரும்பாலானவர்கள் 90 பாகையில் நிறுத்திவிடுவார்கள், பழகிய கை அது. அந்த ரிங்கைத் தூணில் மாட்டி அடுத்த ரிங்கின் கொக்கி வேறு மூலையில் வருமாறு வைக்கிறாரா என்று பாருங்கள். பத்து நிமிடத்தில் அவரது வரைபட அறிவும், அளவும், கையும் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு தொழிலுக்கும் இப்படி ஒரு சோதனையை உருவாக்குங்கள். சோதிப்பவர் பயிற்சியாளராக இருக்கக் கூடாது. தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர் செய்யட்டும்.

10. முதல் 90 நாளைக் கவனியுங்கள்

பயிற்சி முடித்தவரை நேரே உச்ச வேகக் குழுவில் போடாதீர்கள். அங்கே அவர் மீண்டும் கம்பி தூக்குபவராகிவிடுவார், ஏனென்றால் மேஸ்திரிக்கு நேரமில்லை. அனுபவசாலி ஒருவருக்கு ஒரு புதியவர் என இணையுங்கள். தலைக்கவசத்தில் வேறு நிற ஒட்டு ஒட்டுங்கள்; மேற்பார்வையாளருக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

புதிய கூலி எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்பதைப் பயிற்சி தொடங்கும் முன்பே அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். கூலி உயராவிட்டால் அடுத்த அணிக்கு ஆள் வரமாட்டார்கள்.

11. மாதம் ஒருமுறை நான்கு எண்கள்

உச்ச மாதத்துக்கு இன்னும் எத்தனை பேர் குறைகிறார்கள், சோதனையில் தேறியவர்களில் எத்தனை பேர் அதே தொழிலில் இருக்கிறார்கள், மறுவேலை எவ்வளவு குறைந்தது, நூலிழையில் தப்பிய விபத்துகள் எத்தனை. இந்த நான்கையும் திட்ட ஆய்வுக் கூட்டத்தில் கான்கிரீட் அளவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். 'பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை' என்ற எண்ணைத் தனியாகக் காட்டாதீர்கள்; அது எப்போதும் அழகாகவே இருக்கும்.

அட்டவணை தள்ளிப்போனால் அதே வாரத்தில் அணித் தேதியையும் தள்ளுங்கள்.

12. உச்சம் இறங்கும் முன் அடுத்த இடத்தைப் பேசுங்கள்

கம்பியும் கான்கிரீட்டும் குறையும்போது தண்டவாளம், 25 கிலோவோல்ட் மேல்நிலை மின்தடம், சிக்னல், நடைமேடைத் தடுப்புக் கதவுகள், லிஃப்ட் ஆகிய வேலைகள் ஏறும். பழகுநராக வந்த எலக்ட்ரீஷியனையும் ஃபிட்டரையும் இந்தப் பக்கம் நகர்த்த ஆறு மாதத்துக்கு முன்பே பட்டியல் போடுங்கள். இரண்டாம் கட்ட ரயில்கள் ஓட்டுநர் இல்லாமல் இயங்குபவை. அவற்றின் பராமரிப்புக்கு மின்னணுப் பழுதறியும் ஆள்கள் நிரந்தரமாகத் தேவைப்படுவார்கள். கட்டுமானக் காலத்தில் கேபிள் இழுத்தவருக்கு எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று தெரியும். அவரை விட்டுவிட்டுப் புதியவரைத் தேடுவது வீண்.

ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு திறன் அட்டை கொடுங்கள். தொழில், இயக்கிய இயந்திரத்தின் வகை, எத்தனை மாதம், எந்தச் சோதனையில் தேறினார், யார் சோதித்தார் என்பவை அதில் இருக்கட்டும். அசல் அவர் கையில், நகல் திட்ட அலுவலகத்தில். அடுத்த ஒப்பந்தத்தின் டெண்டர் ஆவணத்தோடு, தொழிலாளர்களின் ஒப்புதலுடன், எந்தத் திறனில் எத்தனை பேர் எந்த மாதத்தில் விடுபடுகிறார்கள் என்ற பட்டியலையும் இணைத்துக் கொடுங்கள். ஏலம் கேட்கும் நிறுவனங்கள் அதை வைத்துத்தான் தங்கள் முதல் ஆறு மாத ஆள்திட்டத்தைப் போடும்.